பார்க்க வந்தவர்களும் பாதுகாத்தவர்களும்

பிலிப்பைன்ஸ் நாட்டின் நீக்ரோஸ் தீவில் டூமகெட்டே என்றொரு கடலோர நகரம் இருக்கிறது. 1901இல் தொடங்கப்பட்ட சில்லிமான் பல்கலைக்கழகம் அங்கேதான் உள்ளது. அந்நகரைச் சுற்றியுள்ள தீவுகளுக்கு ஆண்டு முழுவதும் இரண்டு வகை வெளியூரார் வருகிறார்கள். முதல் வகையினர் சுற்றுலாப் பயணிகள். இருபுறமும் மூங்கில் தாங்கிகள் பொருத்திய ‘பங்கா’ படகில் ஏறி, காலையில் ஒரு தீவு, மாலையில் ஒரு தீவு என்று தாவி, முகமூடியும் சுவாசக் குழாயும் மாட்டிக்கொண்டு பவளப்பாறைகளைப் பார்த்துத் திரும்புகிறவர்கள். இரண்டாம் வகையினர் கடலோரச் சூழலியலைக் கற்க வரும் மாணவர்கள், ஆய்வாளர்கள். வார நாட்களில் கடலடியில் அளவுநாடா விரித்து மீன்களையும் பவளங்களையும் எண்ணுகிறவர்கள், வார இறுதியில் முதல் வகையினரோடு கலந்துவிடுகிறார்கள். படகும் அதுவே, முகமூடியும் அதுவே, கடலும் அதுவே.

இந்த வருகைகளால் பவளப்பாறைக்கு நன்மையா, தீமையா? “சுற்றுலா கடலை அழிக்கிறது” என்று ஒரு தரப்பும், “சுற்றுலா வருமானம்தான் கடலைக் காப்பாற்றுகிறது” என்று மறு தரப்பும் சொல்வது வழக்கம். இரண்டுக்கும் சான்றுகள் உண்டு. ஆனால், டூமகெட்டேயிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் சென்று பார்க்கக்கூடிய மூன்று இடங்களின் வரலாறு வேறொரு விடையைத் தருகிறது. எத்தனை பேர் வருகிறார்கள் என்பதைவிட, வருகிறவர்களுக்கு ‘இங்கே வரலாம், இங்கே கூடாது’ என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே பவளப்பாறையின் விதியைப் பெருமளவு தீர்மானித்திருக்கிறது.

முகமூடிக்குள் தெரிவதும் தெரியாததும்

பவளப்பாறை என்று நாம் அழைப்பது பாறை அல்ல. உயிருள்ள ஒரு குடியிருப்பு. மிகச் சிறிய பவள உயிரிகள் கோடிக்கணக்கில் ஒட்டி வாழ்ந்து, தம் உடலுக்கு அடியில் சுண்ணாம்பைச் சுரந்து சுரந்து எழுப்பிய கட்டடம் அது. அவற்றின் திசுக்களுக்குள் நுண்பாசிகள் வாழ்கின்றன. சூரிய ஒளியில் பாசிகள் தயாரிக்கும் உணவில் பெரும்பகுதி பவளத்துக்குப் போகிறது. பதிலுக்குப் பாசிக்கு இருப்பிடமும் சத்துகளும் கிடைக்கின்றன. பவளத்தின் நிறத்துக்கும் பெரும்பாலும் அந்தப் பாசிகளே காரணம். உலகக் கடற்பரப்பின் அடித்தளத்தில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான இடத்தையே பவளத்திட்டுகள் பிடித்திருக்கின்றன. ஆனால், கடல்வாழ் உயிரினங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தம் வாழ்நாளின் ஏதோ ஒரு கட்டத்தில் அவற்றை நம்பி வாழ்கின்றன. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, மலேசியா, பப்புவா நியூ கினி, சாலமன் தீவுகள், கிழக்குத் திமோர் ஆகிய ஆறு நாடுகளின் கடல்களை உள்ளடக்கிய ‘பவள முக்கோணம்’ இந்தச் செல்வம் மிகுதியாகக் குவிந்த இடம்.

முதன்முறையாக முகமூடி அணிந்து அந்த நீரில் தலையைக் கவிழ்ப்பவருக்கு எல்லாமே அழகாகத்தான் தெரியும். நீலமும் மஞ்சளுமாய்ச் சிறு மீன்கள் கூட்டமாய்த் திரும்பும் காட்சி ஒன்றே போதும். ஆனால், கள ஆய்வாளர் பார்ப்பது வேறு. 50 மீட்டர் அளவுநாடாவைக் கடலடியில் விரித்து, குறிப்பிட்ட இடைவெளிகளில் நாடாவுக்கு நேர்கீழே இருப்பது உயிருள்ள பவளமா, இறந்த பவளமா, பாசியா, மணலா என்று நீரில் எழுதக்கூடிய பலகையில் அவர் குறித்துக்கொள்கிறார். பிறகு நாடாவின் இருபுறமும் குறிப்பிட்ட அகலத்துக்குள் தென்படும் மீன்களை இனம் பிரித்து எண்ணுகிறார். ஒவ்வொன்றின் நீளத்தையும் கண்ணால் மதிப்பிடுகிறார். அந்த நீளத்திலிருந்து எடையைக் கணக்கிடலாம். பெரிய கலவா மீன்கள் எத்தனை, பாரைகள் எத்தனை, பாசியைக் கொறித்துப் பவளத்துக்கு இடம் விட்டுக்கொடுக்கும் கிளிமீன்கள் எத்தனை என்பதெல்லாம் இப்படித்தான் தெரியவருகின்றன. சிறு மீன்கள் நிறைந்து, பெரிய மீன்கள் இல்லாத ஒரு திட்டு சுற்றுலாப் பயணிக்குச் சொர்க்கம். ஆய்வாளருக்கோ அது வெறுமையாக்கப்பட்ட வீடு.

மீன்வள அறிஞர் டேனியல் பாலி 1995இல் எழுதிய ஒரு சிறு கட்டுரை இந்த இடைவெளிக்குப் பெயர் வைத்தது. ஒவ்வொரு தலைமுறையும் தான் பணியைத் தொடங்கிய காலத்தில் கண்ட கடலையே ‘இயல்பான கடல்’ என்று எடுத்துக்கொள்கிறது. அதற்கு முன் நேர்ந்த இழப்பு கணக்கில் வருவதேயில்லை. அளவுகோலே தலைமுறைக்குத் தலைமுறை நழுவிக்கொண்டிருக்கிறது என்பது அவர் வாதம். பாலி பல ஆண்டுகள் மணிலாவில் பணியாற்றியவர் என்பது இங்கே நினைவில் கொள்ளத்தக்கது. ஒரு நாள் பயணியின் அளவுகோல் ஒரு தலைமுறையினுடையதுகூட அல்ல. அன்றைய காலை நேரத்தினுடையது. ஆகவே, ‘அழகாக இருக்கிறது’ என்ற பயணியின் சான்றிதழ் ஒரு கடலின் உடல்நலத்துக்கு அளவாக முடியாது. அளவு வேண்டுமென்றால் யாராவது ஒருவர் ஆண்டுக்கணக்கில் அதே இடத்தில் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்.

சுமிலோன் கற்பித்த பாடம்

அப்படி எண்ணியவர்களில் முதன்மையானவர் ஏஞ்சல் அல்காலா. 1929இல் நீக்ரோஸ் தீவின் மேற்குப் பகுதியில் பிறந்து, சில்லிமான் பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கேயே பேராசிரியராகவும் பின்னர் அதன் தலைவராகவும் பணியாற்றிய உயிரியலாளர். 1992இல் ரமோன் மகசேசே விருது பெற்றார். நாட்டின் சுற்றுச்சூழல் அமைச்சராகவும் இருந்தார். 2014இல் ‘தேசிய அறிவியலாளர்’ என்னும் சிறப்பைப் பெற்ற அவர் 2023இல் மறைந்தார்.

செபு தீவின் தென்கோடியில், ஆஸ்லோப் நகராட்சிக்கு எதிரே சுமிலோன் என்ற சிறு தீவு உள்ளது. 1974இல் அல்காலாவும் சில்லிமான் பல்கலைக்கழகமும் முன்முயற்சி எடுத்து, அத்தீவைச் சுற்றியுள்ள பவளத்திட்டில் கால் பங்கில் மீன்பிடிப்பதை நிறுத்தினர். பத்தாண்டு காலம் அது காக்கப்பட்டது. மீனவர்கள் மீதி முக்கால் பங்கில் மட்டும் மீன் பிடித்தார்கள். பிறகு உள்ளூராட்சியின் ஆதரவு விலகி, 1984இல் பாதுகாப்பு குலைந்தது. தடைசெய்யப்பட்ட பகுதிக்குள்ளும் வலைகள் இறங்கின.

இப்போது மீனவர்களுக்கு முழுத் திட்டும் திறந்துவிட்டது. பிடிக்கும் இடம் கூடினால் மீனும் கூட வேண்டுமே? நடந்தது நேர்மாறு. அடுத்த இரண்டே ஆண்டுகளில் தீவின் மொத்த மீன்பிடிப்பு பாதிக்கும் கீழே சரிந்தது. அல்காலாவும் ஆஸ்திரேலிய ஆய்வாளர் கேரி ரஸ்ஸும் இணைந்து 1990இல் இதை வெளியிட்டனர். மூடி வைத்த கால் பங்குதான் மீதி முக்கால் பங்குக்கும் மீன் வழங்கிக்கொண்டிருந்தது என்பது அதிலிருந்து புலப்பட்டது. காப்பிடத்துக்குள் வளர்ந்த மீன்கள் எல்லை தாண்டி வெளியே வருகின்றன. வெளியே வருபவை வலையில் விழுகின்றன. விதை நெல்லைக் குத்தித் தின்றால் அடுத்த பருவம் என்னாகும் என்று உழவர்களுக்குத் தெரியும். கடலில் அதே கணக்கைக் காட்டுவதற்கு ஒரு காப்பிடம் உருவாகவும், பிறகு அழியவும் வேண்டியிருந்தது.

ஊரார் கையில் ஒரு தீவு

சுமிலோனில் பாதுகாப்பு நடைமுறையில் இருந்த காலத்திலேயே, நீக்ரோஸ் கரைக்குச் சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஆப்போ தீவு மீனவர்களிடம் சில்லிமான் குழுவினர் பேசத் தொடங்கியிருந்தனர். அன்றைய பிலிப்பைன்ஸ் கடல்களில் வெடிவைத்தல், சயனைடு தெளித்தல், கற்களால் பவளத்தை இடித்து மீனை வலைக்குள் விரட்டுதல் ஆகிய முறைகள் பரவியிருந்தன. ஆப்போவிலும் மீன் குறைந்திருந்தது. எனினும், “இருக்கும் கடலில் ஒரு பகுதியை மூடினால் எப்படிப் பிழைப்பது?” என்று மீனவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. சில ஆண்டுகள் பேச்சு நடந்தது. ஒரு சில குடும்பங்களே முதலில் இசைந்தன. 1982இல் தீவின் தென்கிழக்கில், திட்டின் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மட்டும் மூடப்பட்டது. 1985இல் நகராட்சி அதைச் சட்டமாக்கியது. காவல் காத்தவர்கள் தீவின் மீனவர்களே.

அடுத்த 18 ஆண்டுகளின் எண்ணிக்கை பதிவாகியிருக்கிறது. தீவின் மீன்பிடிப்பில் பெரும்பகுதியாக விளங்கும் பாரை மீன்களும் சர்ஜன் மீன்களும் காப்பிடத்துக்குள் எடையளவில் மூன்று மடங்காயின. காப்பிடத்தின் எல்லைக்கு வெளியே, முதல் 200 - 250 மீட்டர் வரை அவற்றின் பெருக்கம் நன்கு தெரிந்தது. தொலைவு கூடக்கூட அது குறைந்தது. தூண்டில் மீனவர் ஒருவர் அதே நேரத்தைச் செலவிட்டுப் பிடிக்கும் மீனின் அளவு, முன்பைவிட ஏறத்தாழ பாதியளவு கூடியது. அதாவது, கடலில் குறைவான நேரம் செலவிட்டே வீட்டுக்குத் தேவையானதைக் கொண்டுவர முடிந்தது.

சுற்றுலா வந்தது இதற்குப் பிறகுதான் என்பது முக்கியமானது. மீன் பெருகியதால் மூழ்குநர்கள் வந்தார்கள். கரையோரக் கடற்புல்லையும் பாசியையும் மேயும் பச்சை ஆமைகளைப் பார்க்க ஸ்நார்கெலிங் பயணிகள் வந்தார்கள். தீவினர் தங்குமிடம் நடத்தினர், படகு ஓட்டினர், வழிகாட்டினர். நுழைவுக் கட்டணம் வசூலிக்கப்பட்டது. உணவுக்காகக் காத்த கடல், காட்சிக்காகவும் பணம் தந்தது. வரிசையைக் கவனியுங்கள்: முதலில் காவல், பிறகு மீன், பிறகு விருந்தினர். இன்று உலகின் பல தீவுகளில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. முதலில் விடுதி கட்டப்படுகிறது. கூட்டம் பெருகியபின் ‘பாதுகாப்பு’ பேசப்படுகிறது.

ஆப்போவின் கதையில் ஒரு கசப்பும் உண்டு. 1992இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்கான தேசியச் சட்டம் வந்தது. 1994இல் ஆப்போ அதன்கீழ் கொண்டுவரப்பட்டது. சட்டத்தின் நோக்கம் நல்லது. ஆனால், மீனவர்கள் நடத்திய மேலாண்மை, அரசு அதிகாரிகளும் இடம்பெறும் வாரியத்தின் கைக்குப் போனது. பயணிகளின் கட்டணம் அரசு நிதியத்துக்குச் சென்று, அங்கிருந்து காலதாமதமாகத் திரும்பியது. தீவினர் தங்கள் பிடி தளர்ந்துவிட்டதாக உணர்ந்ததை 2010இல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்தது. சமூக மேலாண்மையிலிருந்து மைய அரசு மேலாண்மைக்கு மாறியது தவறான திருப்பமோ என்று அது கேட்டது. 2013இல் சட்டம் திருத்தப்பட்டு, வருவாயில் முக்கால் பங்கை அந்தந்தப் பகுதியின் வாரியமே வைத்துக்கொள்ள வழி செய்யப்பட்டது. ஒரு பயணி கொடுக்கும் கட்டணச் சீட்டுக்குப் பின்னால் இத்தனை அரசியல் இருக்கிறது.

எதிர்க் கரையில் இன்னொரு கதை

சுமிலோன் தீவுக்கு நேர் எதிரே, அதே ஆஸ்லோப் நகராட்சியில், தான்-அவான் என்ற மீனவக் கிராமம் உள்ளது. 2011 வாக்கில் அங்குள்ள மீனவர்கள் சிலர், கரைக்கு அருகே வரும் திமிங்கலச் சுறாக்களுக்குச் சிறு இறால்களை இரையாகப் போட்டு வரவழைக்கத் தொடங்கினர். செய்தியும் படங்களும் பரவின. ஆண்டுக்கு லட்சக்கணக்கானோர் வரும் தலமாக அது மாறியது. காலை நேரத்தில் படகில் சில நூறு மீட்டர் சென்றால் போதும், உலகின் மிகப் பெரிய மீனோடு நீந்தலாம்.

அந்த மீனவர்களுக்கு முன்பு கனவிலும் கிட்டாத வருமானம் கிடைத்தது. பிள்ளைகள் படித்தார்கள், வீடுகள் எழுந்தன. இதை எளிதில் தள்ளிவிடக் கூடாது. ஆனால், கடலுக்குள் நடந்தது வேறு. நெடுந்தொலைவு இடம்பெயர்ந்து இரை தேடும் உயிரினம் திமிங்கலச் சுறா. இரை போடப்படும் இடத்தில் சில சுறாக்கள் மாதக்கணக்கில் தங்கிவிடுவதை அங்கே பணியாற்றிய ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். படகை உணவோடு தொடர்புபடுத்திப் பழகிய மீன், வேறிடத்திலும் படகை நாடிச் செல்லும்; விசைப்படகின் சுழலிக்கு அது எதிரி என்று தெரியாது. உடலில் வெட்டுத் தழும்புகளும் உராய்வுகளும் கொண்ட சுறாக்கள் அங்கே அடிக்கடி காணப்படுகின்றன.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. அதே நாட்டின் சோர்சோகோன் மாகாணத்தில் உள்ள தோன்சோல் ஊரில் 1998 முதல் திமிங்கலச் சுறாச் சுற்றுலா நடக்கிறது. அங்கே இரை போடுவதில்லை. ஒரு சுறாவுக்கு ஒரு படகு, ஒரு படகிலிருந்து ஆறு பேர் என்று வரம்பு உண்டு. சுறா வந்தால் காட்சி, வராவிட்டால் ஏமாற்றம். ஏமாற்றத்துக்கும் இடம் கொடுக்கும் இந்த ஏற்பாட்டில் வருமானம் நிலையற்றது என்பது உண்மை. ஆஸ்லோப் அந்த நிச்சயமின்மையை நீக்கி, காட்சிக்கு உத்தரவாதம் தந்தது. விலையைக் கொடுப்பது சுறா. பத்தாண்டுக் காலம் காத்த ஒரு காப்பிடத்தை இழந்த அதே நகராட்சியில் இது நிகழ்கிறது என்பதைத் தற்செயல் என்று மட்டும் கடந்துவிட முடியவில்லை. கடலின் நெடுநாள் நலனுக்காகப் பேசும் அமைப்பு பலவீனமாக இருக்கும் இடத்தில், அன்றைய வருமானம்தான் கொள்கையாகிறது.

கால், கூட்டம், களிம்பு

ஸ்நார்கெலிங் செல்வோரால் நேரும் நேரடிப் பாதிப்புகளையும் அவற்றின் அளவறிந்து புரிந்துகொள்ள வேண்டும். ஆழத்தில் மூழ்குபவரைவிட, மேற்பரப்பில் மிதப்பவர் பாதுகாப்பானவர் என்று தோன்றும். ஆனால், அவர் செல்வது ஆழமற்ற இடத்துக்கு. முகமூடிக்குள் நீர் புகுந்ததும் பதற்றத்தில் கால் ஊன்றுவார். ஊன்றும் இடம் பவளமாக இருக்கும். துடுப்புக் காலணியின் ஓர் உதை, ஒரு கிளைப் பவளத்தை முறிக்கப் போதும். வேகமாக வளரும் கிளைப் பவளங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் வளரும். உருண்டைப் பெரும் பவளங்களோ ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே. ஓர் ஆளின் உயரமுள்ள உருண்டைப் பவளம் நம் கொள்ளுப்பாட்டனார் காலத்துக்கும் முந்தையது. கிளறிவிடப்படும் மணல் பவள உயிரிகளின் மேல் படியும்போது, அதை அகற்றவே அவை தம் ஆற்றலைச் செலவிட வேண்டியிருக்கிறது. ஒரே இடத்தில் நாள்தோறும் நங்கூரம் வீசும் படகின் சேதம் இவை எல்லாவற்றையும்விடப் பெரிது.

இவற்றில் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியது. எகிப்தின் ராஸ் முகமது தேசியப் பூங்காவில் 1990-களில் நடந்த ஆய்வொன்றில், நீரில் இறங்கும் முன் மூழ்குநர்களுக்குப் பவளத்தைப் பற்றிச் சுருக்கமாக விளக்கி, நீருக்குள் செய்தும் காட்டினர். அதன்பின் அவர்கள் பவளத்தைத் தொட்ட எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்தது. நங்கூரத்துக்குப் பதிலாக நிலையான மிதவைகள் அமைத்துப் படகைக் கட்டலாம். மிதவைச் சட்டை அணிந்தவர் கால் ஊன்ற வேண்டிய தேவையே இல்லை.

தோலில் பூசும் வெயில்காப்புக் களிம்பைப் பற்றி அண்மைக் காலமாக அதிகம் பேசப்படுகிறது. ஆக்சிபென்சோன் முதலிய வேதிப்பொருட்கள் கலந்த களிம்புகளைப் பாலவ் நாடு 2020 முதல் தடை செய்தது. ஹவாய் மாநிலம் 2021 முதல் அவற்றின் விற்பனையைத் தடுத்தது. தாய்லாந்து 2021இல் தன் கடல்சார் தேசியப் பூங்காக்களில் தடை விதித்தது. முழுக்கைச் சட்டை அணிந்து நீந்தினால் இச்சிக்கலே எழாது என்பதால், முன்னெச்சரிக்கையாக இதைக் கடைப்பிடிப்பதில் நட்டமில்லை. ஆனால், களிம்பை மாற்றிவிட்டதாலேயே கடமை முடிந்தது என்று நினைப்பது தவறு. பெருங்கூட்டமும் கழிவுநீரும் செய்யும் கேடு அதைவிடப் பன்மடங்கு.

தாய்லாந்தின் ஃபி ஃபி லே தீவிலுள்ள மாயா வளைகுடா இதற்கு எடுத்துக்காட்டு. 2000இல் வெளியான ஒரு ஹாலிவுட் படத்தால் புகழ்பெற்ற அச்சிறு வளைகுடாவுக்கு நாளொன்றுக்கு 5,000 பேர் வரை வந்தார்கள். பவளம் சிதைந்தது. 2018 ஜூனில் அரசு அதை மூடியது. 2022 ஜனவரியில்தான் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் கருந்துடுப்புச் சுறாக்கள் மீண்டும் வளைகுடாவுக்கு வந்தன. இப்போது படகுகள் வளைகுடாவுக்குள் நுழைவதில்லை. தீவின் மறுபக்கத்தில் நிற்கின்றன. எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. ஆண்டில் சில வாரங்கள் முழு ஓய்வும் உண்டு. பிலிப்பைன்ஸின் போராகாய் தீவும் கழிவுநீர்ச் சீர்கேட்டால் 2018 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஆறு மாதங்கள் மூடப்பட்டது. ஒரே நேரத்தில் தீவில் இருக்கக்கூடிய பயணிகள் 19,215 பேர் என்று அதன்பின் வரம்பு வகுக்கப்பட்டது. கடலுக்கு ஓய்வு கொடுத்தால் அது ஓரளவு மீளும் என்பதற்கு மாயா வளைகுடா சான்று. ஆனால், கதவைத் திடீரென்று சாத்தும்போது கூலித் தொழிலாளர்களே முதலில் பட்டினி கிடக்கிறார்கள் என்பதற்குப் போராகாய் சான்று. முன்பே வரம்பு வைத்திருந்தால் இரண்டு இடங்களிலும் இந்த அதிர்ச்சி வைத்தியம் தேவைப்பட்டிருக்காது.

ஆய்வாளரும் விருந்தினரே

பயணிகளைக் குறை சொல்லும் ஆய்வாளர்களும் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. வளமான நாடுகளிலிருந்து வந்து, உள்ளூர்ப் படகோட்டியின் உதவியோடு தரவுகளைச் சேகரித்து, ஊர் திரும்பிக் கட்டுரை வெளியிட்டு, மீண்டும் அந்தப் பக்கமே வராத ஆய்வுமுறையை ‘பாராசூட் அறிவியல்’ என்று அழைக்கிறார்கள். பவளத்திட்டு ஆய்வுகளைப் பற்றி 2021இல் வெளியான ஒரு மதிப்பீடு, இந்தோனேசியாவிலோ பிலிப்பைன்ஸிலோ களப்பணி செய்து எழுதப்பட்ட கட்டுரைகளில் 40 விழுக்காட்டில் அந்நாட்டு ஆய்வாளர் ஒருவர்கூட ஆசிரியராக இடம்பெறவில்லை என்று கண்டது. ஆஸ்திரேலியாவில் நடந்த களப்பணிகளில் இந்த அளவு 20 விழுக்காடு. தரவு ஒரு நாட்டினுடையது. பெயரும் பதவி உயர்வும் இன்னொரு நாட்டினுடையவை.

மீனை அள்ளிச் செல்லும் கப்பலுக்கும் தகவலை அள்ளிச் செல்லும் ஆய்வுக்கும் இந்த ஒரு விஷயத்தில் வேறுபாடு குறைவு. ஆப்போ, சுமிலோன் ஆய்வுகள் உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுவதற்குக் காரணம் அவற்றின் நுட்பம் மட்டுமல்ல, நீடித்த உறவு. உள்ளூர்ப் பல்கலைக்கழகமும் வெளிநாட்டு ஆய்வாளரும் பல பத்தாண்டுகள் சேர்ந்து அதே திட்டுகளில் எண்ணினார்கள். முடிவுகள் மீனவர்களிடம் திரும்பிப் போயின; காப்பிடங்கள் பெருகின. 1998இல் பிலிப்பைன்ஸ் இயற்றிய மீன்வளச் சட்டம், கரையிலிருந்து 15 கிலோமீட்டர் வரையிலான நகராட்சி நீர்ப்பரப்பில் உள்ளூர் மீனவர்களுக்கு முன்னுரிமை அளித்தது. அதில் குறைந்தது 15 விழுக்காட்டைக் காப்பிடமாக்க வழிகாட்டியது. இரு சிறு தீவுகளில் தொடங்கிய எண்ணிக்கை, நாட்டின் சட்டத்துக்கு வலு சேர்த்தது. களப்பணியின் உண்மையான பயன் இதுதான்.

விருந்தினர் இல்லாமலும் வரும் கேடு

இத்தனைக்கும் பிறகு, ஊரார் காவலால் தடுக்க முடியாத கேடுகளும் உண்டு. 2011 டிசம்பரிலும் 2012 டிசம்பரிலும் அடுத்தடுத்து வீசிய இரு புயல்கள் ஆப்போ காப்பிடத்தின் பவளங்களைப் பெருமளவு நொறுக்கிவிட்டன. முப்பதாண்டுக் காவலின் பலன் சில மணி நேரத்தில் கற்குவியலாயிற்று. அந்தப் பகுதியைப் பயணிகளுக்கு மூடி, மீள்வதற்கு அவகாசம் தருவது மட்டுமே தீவினரால் செய்ய முடிந்தது.

வெப்பம் அதனினும் பெரிய எதிரி. கடல்நீர் வழக்கமான கோடைக்கால உச்சத்தைவிட ஒரு பாகை கூடி, அது சில வாரங்கள் நீடித்தால் பவளம் தன் பாசிகளை வெளியேற்றி வெளிறிவிடும். நீர் விரைவில் குளிர்ந்தால் மீளும். இல்லையேல் பட்டினியால் இறக்கும். நான்காவது உலகளாவிய வெளிறல் நடந்துகொண்டிருப்பதாக 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. 2023 முதல் 2025 வரையிலான காலத்தில் உலகின் பவளத்திட்டுப் பரப்பில் 80 விழுக்காட்டுக்கு மேல் வெளிறலைத் தூண்டும் வெப்பத்துக்கு ஆளாகியிருக்கிறது. கண்டம் தாண்டி விமானத்தில் வரும் பயணியும் ஆய்வாளரும் அந்த வெப்பத்துக்கு ஆப்போ மீனவரைவிடக் கூடுதல் பங்களிக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

அப்படியானால், உள்ளூர்க் காவல் வீண்தானா? இல்லை. பாசியை மேயும் மீன்கள் நிறைந்த திட்டில், அடிபட்ட பவளம் மீண்டும் வேர்கொள்ள இடம் கிடைக்கிறது. மீன் வற்றிய திட்டில் அந்த இடத்தைப் பாசி மூடிவிடுகிறது. காவல் நோயைத் தடுக்காது. நோயிலிருந்து எழும் வலுவைத் தரும்.

இது நமக்கும் தொலைவான செய்தி அல்ல. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் பவளத்திட்டுகளால் சூழப்பட்டவை. 1986இல் தேசியப் பூங்காவானவை. ராமநாதபுரம் மாவட்டக் கரையில் வனத்துறையே சூழல் சுற்றுலாப் படகுகளை நடத்துகிறது. அந்தத் தீவுகளைச் சுற்றிக் கடற்பாசி சேகரித்துப் பிழைத்த பெண்களுக்கு, பூங்கா என்பது பெரும்பாலும் ‘உள்ளே வராதே’ என்ற சொல்லாகவே அறிமுகமானது. அவர்களை வெளியே நிறுத்திவிட்டுப் பயணிகளை உள்ளே அழைத்தால், அது ஆப்போவின் வழியாக இருக்காது. எந்தப் பகுதியை மூடுவது, கட்டணம் எவ்வளவு, அது எங்கே செல்ல வேண்டும் என்ற முடிவுகளில் அவர்களுக்கு இடம் கிடைத்தால்தான் காவலும் நிலைக்கும்.

பயணியோ மாணவரோ, வெளிநாட்டுத் தீவொன்றில் படகில் ஏறும் முன் கேட்க வேண்டியவை அதிகமில்லை. இந்தத் திட்டில் மூடிவைத்த பகுதி உண்டா? அதைக் காப்பவர் யார்? நான் கொடுக்கும் பணத்தில் அவருக்கு எவ்வளவு போகிறது? படகு நங்கூரம் வீசுமா, மிதவையில் கட்டுமா? விலங்குகளுக்கு இரை போடுவார்களா? ஆய்வாளர் என்றால் இன்னொன்று: நான் எண்ணியதை யாருடைய மொழியில், யாரிடம் திரும்பக் கொடுக்கப் போகிறேன்? இக்கேள்விகளுக்குத் தெளிவான விடை சொல்லும் படகோட்டி இருக்கும் ஊரில், பெரும்பாலும் கடலும் நன்றாகவே இருக்கும். விடை கிடைக்காத இடத்தில், நீர் எவ்வளவு தெளிந்திருந்தாலும், இறங்காமல் திரும்புவதே மரியாதை.